ஈறு நோய்க்கும் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

நாள்பட்ட ஈறு நோய் உள்ளவர்களிடையே வாய், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் புற்றுநோய் ஏற்படுவது மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அதே வேளையில், ஈறு நோய்தான் அந்தப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது இதுவரை நிறுவப்படவில்லை. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் சரியாகப் புரியும். செய்தித் தலைப்புகளில் பெரும்பாலும் முதற்பாதி மட்டுமே வருகிறது. அதைப் படித்துவிட்டு, பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்த ஒருவர் தமக்குப் புற்றுநோய் வந்துவிட்டதோ என்று தூக்கமிழப்பது தேவையற்றது. அதற்காக, ஈறுதானே என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவதும் சரியல்ல.

ஈறில் நடப்பது என்ன?

பற்களின் மேல், குறிப்பாகப் பல்லும் ஈறும் சேரும் விளிம்பில், பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு பிசுபிசுப்பான ஒரு மெல்லிய படலமாக வளர்கின்றன. இதைப் பற்படலம் என்பார்கள். மனித வாயில் ஏறத்தாழ 700 வகைப் பாக்டீரியாக்கள் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை, சில நன்மை செய்பவையும்கூட. படலத்தை அன்றாடம் அகற்றாவிட்டால் ஈறு சிவந்து, வீங்கி, லேசாகத் தொட்டாலே இரத்தம் கசியும் நிலைக்கு வருகிறது. 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்டு லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தனர். நல்ல ஈறுகளைக் கொண்டிருந்த 12 பேர் பல் சுத்தம் செய்வதை முற்றிலும் நிறுத்திக்கொண்டார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி ஏற்பட்டது. மீண்டும் சுத்தம் செய்யத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. ஈறு நோயின் முதற்கட்டம் முழுமையாக மீளக்கூடியது என்பதை மருத்துவ உலகம் இந்தச் சோதனையிலிருந்துதான் உறுதியாகத் தெரிந்துகொண்டது.

கவனிக்கப்படாத அழற்சி எல்லோரிடமும் இல்லாவிட்டாலும் பலரிடம் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. படலம் உமிழ்நீரிலுள்ள தாது உப்புகளை ஏற்றுக் காரையாக இறுகுகிறது. ஈறு பல்லைவிட்டு விலகி, இடையில் ஒரு பை போன்ற பள்ளம் உருவாகிறது. பல் மருத்துவர் இதை அளக்கும் முறை எளிமையானது. மில்லிமீட்டர் கோடுகள் இட்ட, முனை மழுங்கிய ஒரு மெல்லிய கருவியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்குவார். ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் அளந்து, 2, 3, 2, 5, 6 என்று எண்களை உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே போவார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4 என்றால் கவனிக்க வேண்டியது. 6-ஐத் தாண்டினால் நோய் ஆழமாகிவிட்டது என்று பொருள். இந்தக் கட்டத்தில் பல்லைத் தாங்கும் தாடை எலும்பு கரையத் தொடங்கியிருக்கும். கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. சிகிச்சையால் நோயை நிறுத்தலாம், இழந்ததைப் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது.

இந்தப் பைகளின் உட்சுவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புண்ணாகவே இருக்கிறது. முற்றிய ஈறு நோய் உள்ளவரின் வாயில் இப்படிப் புண்ணான பரப்பை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. முன்கையில் அந்த அளவுக்கு ஆறாத புண் ஒன்று ஆண்டுக்கணக்கில் இருந்தால் யாரும் அதை அப்படியே விட்டுவைக்கமாட்டார்கள். ஈறில் இருப்பதால் அது தெரிவதில்லை, பெரும்பாலும் வலிப்பதும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கடுமையான ஈறு நோய் உலகில் 100 கோடிக்கும் அதிகமானோருக்கு இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்குத் தலை, கழுத்துப் புற்றுநோய் ஒருபோதும் வரப்போவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

தலை, கழுத்துப் புற்றுநோய் என்று எதைச் சொல்கிறார்கள்?

உதடு, நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம், வாயின் அடித்தளம், தொண்டையின் மூன்று பகுதிகள், குரல்வளை, மூக்கறையும் அதைச் சுற்றியுள்ள காற்றறைகளும், உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்களுக்குப் பொதுவான பெயர் இது. மூளைப் புற்றுநோய் இதில் சேராது. இவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, உட்பரப்பைப் போர்த்தியிருக்கும் தட்டையான செதிள் செல்களில் தோன்றுபவை. புகையிலை, மது, பாக்கு மெல்லுதல், மனிதப் பாப்பிலோமா வைரஸ் எனப்படும் ஹெச்பிவி ஆகியவை நிறுவப்பட்ட காரணங்கள். புகையிலையும் மதுவும் ஒருவரிடம் சேரும்போது ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது.

இரண்டையும் இணைக்கக்கூடிய வழிகள்

ஒரு நாள்பட்ட அழற்சி புற்றுநோய்க்கு இடமளிக்கும் என்ற எண்ணம் புதிதன்று. ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்கோ 1863-லேயே, புற்றுக் கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதைக் கண்டு, அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் உறவு இருக்க வேண்டும் என்று கருதினார். பாக்டீரியாவும் புற்றுநோயை உண்டாக்க முடியும் என்பதற்கு உறுதியான எடுத்துக்காட்டு இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. ஈறு நோயோ அதன் பாக்டீரியாக்களோ அந்த முதல் வகையில் இடம்பெறவில்லை. ஆனால், ஈறில் நடப்பதும் இரைப்பையில் நடப்பதும் சில வகைகளில் ஒத்திருப்பதால்தான் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை விடாமல் தொடர்கிறார்கள்.

முதல் வழி, அழற்சி. ஈறுப் பையில் பாக்டீரியாக்களை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் வேதிச் செய்திகளை வெளியிடுகின்றன. இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்றவை அவற்றுள் நன்கு அறியப்பட்டவை. கூடவே, உயிர்வளியின் (ஆக்சிஜன்) வினைமிக்க மூலக்கூறுகளையும் அந்த வெள்ளணுக்கள் கொட்டுகின்றன. கிருமியைக் கொல்லத்தான் அவை சுரக்கின்றன என்றாலும், அருகிலுள்ள நம் சொந்தச் செல்களின் மரபுப் பொருளையும் அவை சேதப்படுத்தும். சில நாட்களில் அடங்கிவிடும் அழற்சியில் இந்தச் சேதம் பொருட்டல்ல. ஆண்டுக்கணக்கில் அடங்காத அழற்சியில், ஒரு பக்கம் செல்கள் சேதமடைந்துகொண்டும் மறுபக்கம் அந்த இடத்தை நிரப்பப் புதிய செல்கள் பிரிந்துகொண்டும் இருப்பதால், பிழையுள்ள செல் ஒன்று தப்பிப் பெருகுவதற்கான வாய்ப்பு கூடுகிறது.

இரண்டாவது, பாக்டீரியாக்களின் நேரடிச் செயல். இங்கே இரண்டு பெயர்கள் அடிக்கடி வருகின்றன: போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம். முதலாவது ஈறுச் செல்களுக்குள்ளேயே புகுந்து வாழக்கூடியது. தான் குடியிருக்கும் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் இயல்பான ஏற்பாட்டை அது மட்டுப்படுத்துகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. சேதமடைந்த செல் சாகாமல் நீடிப்பது புற்றுநோய்க்கான அடிப்படைத் தேவைகளுள் ஒன்று என்பதால் இது கவனத்துக்குரியது. இரண்டாவது பாக்டீரியா, ஃபேட்-ஏ என்ற ஒட்டும் புரதத்தைக் கொண்டு செல்களைப் பற்றிக்கொண்டு, அவை பெருகுவதற்கான சமிக்ஞையைத் தூண்டுகிறது. பெருங்குடல் புற்றுக் கட்டிகளுக்குள் இதே பாக்டீரியா மிகுந்து காணப்பட்டதை 2011-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்த பிறகுதான் வாய்க் கிருமிகள் மீது புற்றுநோய் ஆய்வாளர்களின் பார்வை தீவிரமாகத் திரும்பியது.

இவை ஆய்வகத் தட்டிலும் விலங்குகளிலும் காணப்பட்டவை. மனித வாயில் புற்றுநோய் தொடங்கும்போது இவை எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பது வேறு கேள்வி. கட்டி உருவான பிறகு, அங்கே நிலவும் உயிர்வளிக் குறைவான சூழல் பிடித்துப்போய் இந்தப் பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கவும் கூடும்.

மூன்றாவது வழி மதுவோடு சேர்ந்தது. மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறுகிறது. இந்த மாற்றம் கல்லீரலில் மட்டும் நடப்பதில்லை. வாயிலுள்ள பாக்டீரியாக்களும் இதைச் செய்கின்றன. மது அருந்துவதோடு தொடர்புடைய அசிட்டால்டிஹைடைப் பன்னாட்டு முகமை 2009-இல் முதல் வகைப் புற்றுக் காரணியாக அறிவித்தது. சுத்தம் குறைந்த வாயில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கூடுவதால், அதே அளவு மதுவிலிருந்து வாய்க்குள் உருவாகும் அசிட்டால்டிஹைடும் கூடுகிறது.

நான்காவது, ஹெச்பிவி. இந்த வைரஸ் தோலின் அல்லது உட்பரப்பின் அடியடுக்குச் செல்களைத்தான் தொற்றும்; அந்த அடுக்கை எட்டுவதற்கு அதற்குச் சிறு காயம் ஏதேனும் வேண்டும். புண்ணான ஈறுப் பைகள் அப்படியொரு வாயிலாக அமையலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. நியாயமான கருத்துதான், ஆனால் நான்கிலும் சான்று குறைந்தது இதுவே என்று நினைக்கிறேன். ஹெச்பிவி சார்ந்த புற்றுநோய்கள் ஈறில் அன்றி, டான்சில் எனப்படும் தொண்டைச் சதையிலும் நாக்கின் அடிப்பகுதியிலும்தான் பெரும்பாலும் தோன்றுகின்றன.

மனிதரிடம் செய்த ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தின் நோயாளிகளை வைத்து மினே டெசல் குழுவினர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தலை, கழுத்துச் செதிள் செல் புற்றுநோய் கொண்ட 266 பேரையும், புற்றுநோய் இல்லாத 207 பேரையும் ஒப்பிட்டு, முழுவாய் எக்ஸ்ரே படங்களில் தாடை எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளந்தார்கள். எலும்பு இழப்பு ஒரு மில்லிமீட்டர் கூடும்போது புற்றுநோய்க்கான வாய்ப்பு 4 மடங்குக்கு மேல் அதிகமாக இருந்தது. புகையிலையே தொடாதவர்களிடமும் தொடர்பு மறையவில்லை. அவர்களிடம் அது இன்னும் வலுவாகத் தெரிந்தது.

இதற்கு எதிர்முனையில் இருப்பது 2016-இல் வெளியான ஒரு பன்னாட்டுக் கூட்டு ஆய்வு. 13 ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டி, 8,925 நோயாளிகளையும் 12,527 ஒப்பீட்டு நபர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, பற்களைப் பெரிதும் இழக்காதவர்கள், நாள்தோறும் துலக்குபவர்கள், ஆண்டுதோறும் பல் மருத்துவரிடம் செல்பவர்கள் ஆகியோரிடம் இந்தப் புற்றுநோய் ஓரளவு குறைவாகவே இருந்தது. ஆனால் ஈறு நோய் இருக்கிறதா இல்லையா என்பதால் ஏற்பட்ட வேறுபாடு மிகச் சிறியது.

ஒன்று 4 மடங்கு என்கிறது, மற்றொன்று மிகச் சிறியது என்கிறது. இந்த முரண்பாட்டுக்கு விடை, அளவிட்ட முறையில் இருக்கிறது. முதல் ஆய்வு எக்ஸ்ரேயில் நேரடியாக அளந்தது. ஆனால் ஒரே நிலையத்தில், சில நூறு பேரிடம். இரண்டாவது ஆய்வு மிகப் பெரியது. ஆனால் ஈறு நோய் பற்றிய விவரம் பெரும்பாலும் மக்கள் தாமே சொன்னது. வலிக்காத நோயைப் பற்றி மக்களிடம் கேட்டால் சரியான விடை கிடைப்பது அரிது. உண்மையான தொடர்பின் அளவு இவ்விரண்டுக்கும் நடுவில், சிறிய எண்ணின் பக்கம் சாய்ந்து இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2024-இல் வந்த ஆய்வு வேறொரு வழியில் சென்றது. முன்பே வாய் கொப்பளித்த நீரின் மாதிரியைக் கொடுத்துவிட்டுப் பல ஆண்டுகள் கண்காணிக்கப்பட்ட 1,59,840 அமெரிக்கர்களில், பின்னர் தலை, கழுத்துச் செதிள் செல் புற்றுநோய் கண்ட 236 பேரின் மாதிரிகளை நோய் வராதவர்களின் மாதிரிகளோடு நியூயார்க் பல்கலைக்கழகக் குழுவினர் ஒப்பிட்டார்கள். குறிப்பிட்ட சில பாக்டீரியா வகைகள் கூட்டாக இருந்தவர்களிடம் புற்றுநோய் ஆபத்து 50 விழுக்காடு அதிகமாக இருந்தது; ஈறு நோயோடு தொடர்புடைய சில வகைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. நோய் வருவதற்கு முன்பே மாதிரி எடுக்கப்பட்டிருந்தது என்பதுதான் இதன் பலம். புற்றுநோய் வந்ததால் கிருமிகள் மாறின என்று எளிதில் சொல்லிவிட முடியாது. 50 விழுக்காடு என்ற எண்ணைக் கண்டு பாதிப் பேருக்குப் புற்றுநோய் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த மொத்தக் கூட்டத்தில் நோய் கண்டவர்கள் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. அந்தச் சிறிய எண் ஒன்றரை மடங்காவதைத்தான் 50 விழுக்காடு என்கிறார்கள்.

ஏன் இன்னும் தயக்கம்?

புகையிலைதான் முதன்மைத் தடை. புகைப்பவருக்கு ஈறு நோய் அதிகம் வருகிறது. புகைப்பவருக்குப் புற்றுநோயும் அதிகம் வருகிறது. ஆகவே, இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதைக் கண்டு ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. புகைக்கும் அளவையும் ஆண்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஆய்வுகள் செய்யப்படுகின்றன; ஆயினும் மக்கள் தாம் புகைப்பதைக் குறைத்துச் சொல்லும்போது அந்தக் கணக்கும் தவறிவிடுகிறது. மது, வறுமை, சத்தற்ற உணவு, மருத்துவரை அணுக இயலாமை ஆகியவையும் இரு நோய்களுக்கும் பொதுவானவை.

புகையிலை இன்னொன்றையும் செய்கிறது. ஈறுக்கு வரும் இரத்தவோட்டத்தை அது குறைத்துவிடுவதால், புகைப்பவரின் ஈறில் நோய் முற்றியிருந்தாலும் இரத்தம் அதிகம் கசிவதில்லை. எனக்கு ஈறில் இரத்தமே வருவதில்லை என்று அவர் நிம்மதியாக இருக்கும்போது உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். புகைப்பதை நிறுத்திய சில வாரங்களில் ஈறில் இரத்தம் வரத் தொடங்கினால் அதைக் கண்டு அஞ்சி மீண்டும் புகைக்கத் தொடங்கிவிடக் கூடாது. மறைந்திருந்த நோய் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

ஈறு நோய் போலத் தோன்றும் புற்றுநோய்

இந்தக் கட்டுரையில் மிகவும் பயன்படக்கூடிய பகுதி இதுதான் என்று கருதுகிறேன். ஈறிலேயே தோன்றும் புற்றுநோய் தொடக்கத்தில் ஈறு நோயைப் போலவே இருக்கும். வீக்கம், சிவப்பு, கசிவு, பல் ஆட்டம் எல்லாம் அதிலும் உண்டு. எனவே சில நேரங்களில் அது சாதாரண ஈறு நோய் என்று கருதப்பட்டு, காரை எடுக்கப்பட்டு, மருந்து கொடுக்கப்பட்டு, இறுதியில் ஆடும் பல்லும் பிடுங்கப்படுகிறது. பல் பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாமலிருக்கும்போதுதான் ஐயம் எழுகிறது. இதற்குள் விலைமதிப்பற்ற மாதங்கள் போய்விடுகின்றன.

வேறுபடுத்திப் பார்க்க உதவும் சில அடையாளங்கள் உண்டு. ஈறு நோய் பொதுவாக வாயில் பல இடங்களில் பரவியிருக்கும், படலமும் காரையும் இருக்கும் இடங்களில் மிகுந்திருக்கும், சுத்தம் செய்தால் சில வாரங்களில் தணியும். மற்ற பற்கள் எல்லாம் உறுதியாக இருக்க, ஒரே இடத்தில் மட்டும் ஈறு தடித்தோ, பூக்கோசு போல முண்டும் முடிச்சுமாக வளர்ந்தோ இருந்து, அங்குள்ள பல் காரணமின்றி ஆடத் தொடங்கினால், அது வேறு விதமாகப் பார்க்கப்பட வேண்டியது. சரியாகச் செய்யப்பட்ட ஈறு சிகிச்சைக்குப் பிறகும் அந்த ஓர் இடம் மட்டும் அடங்காமல் இருந்தாலும் அப்படியே. அந்த இடத்திலிருந்து சிறு துண்டு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்ஸிதான் ஐயத்தைத் தீர்க்கும். அதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டு முதல் மூன்று வாரங்களுக்குள் ஆறாத வாய்ப்புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, உதட்டிலோ நாக்கிலோ மரத்துப்போதல், விழுங்குவதில் சிரமம், மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கரகரப்பு, கழுத்தில் கட்டி, காதில் நோயே இல்லாமல் ஒரு பக்கக் காது மட்டும் வலித்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருக்காது. இருந்தால், சீக்கிரம் தெரிந்துகொள்வது பேசுவதையும் விழுங்குவதையும் காப்பாற்றும் அளவுக்கு முக்கியமானது.

எதைச் செய்வது பலன் தரும்?

ஈறு சிகிச்சை செய்துகொண்டால் தலை, கழுத்துப் புற்றுநோய் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஈறு சிகிச்சைக்கு அப்படியொரு உறுதி தேவையுமில்லை. பற்களைக் காப்பதும் நீரிழிவைக் கட்டுப்படுத்த உதவுவதும் போதுமான காரணங்கள். நாளொன்றுக்கு இருமுறை துலக்குவது, பல் இடுக்குகளைச் சுத்தம் செய்வது, தேவைப்படும்போது காரையை எடுத்துக்கொள்வது, பைகளின் ஆழத்தை அளக்கச் சொல்லிக் கேட்பது ஆகியவை அடிப்படை. பரிசோதனைக்குச் செல்லும்போது நாக்கின் ஓரங்களையும் வாயின் அடித்தளத்தையும் பார்க்கும்படி பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை அது.

புற்றுநோய் ஆபத்தைக் குறைப்பதில் வேறெதையும்விடப் பெரிய பலன் தருவது புகையிலையை விடுவதே. விட்ட முதல் சில ஆண்டுகளிலேயே தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான வாய்ப்பு குறையத் தொடங்குகிறது. 20 ஆண்டுகள் கடந்தால் புகைக்காதவர்களின் நிலையை நெருங்குகிறது. மதுவையும் பாக்கையும் விடுவதும், உரிய வயதில் ஹெச்பிவி தடுப்பூசி போட்டுக்கொள்வதும் அடுத்தடுத்த இடங்களில் வருகின்றன.

இந்தப் புற்றுநோய் ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களுக்கு ஈறுகளின் நிலை இன்னொரு வகையில் மிக முக்கியமாகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பாதிப்பதால் வாய் வறண்டு, பற்சொத்தையும் ஈறு நோயும் வேகமாகப் பரவுகின்றன. தாடை எலும்புக்கான இரத்த ஓட்டமும் குறைந்துவிடுகிறது. அதன் பிறகு பல் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல், எலும்பே செத்துப்போகும் நிலை ஏற்படலாம். அதனால்தான் கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்பே பல் மருத்துவர் வாய் முழுவதையும் பரிசோதித்து, காப்பாற்ற முடியாத பற்களை அகற்றி, புண் ஆறுவதற்கு வழக்கமாக இரண்டு வாரங்களாவது விடுகிறார்கள். எலும்பின் இந்தப் பலவீனம் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளான பிறகும் நீங்குவதில்லை. ஆகவே, எப்போதோ கழுத்துக்கோ தாடைக்கோ கதிர்வீச்சுப் பெற்றவர்கள், எந்தப் பல் மருத்துவரிடம் சென்றாலும், பல்லில் கை வைப்பதற்கு முன்னால் அந்தச் செய்தியை அவரிடம் சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக் குறிப்புகளைக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.